ஜிஎன்ஆர்எச் நியூரோன் வளர்ப்பு: ஒளிர்வு தெரியுது, எலைசாவில் ஹோர்மோன் இல்லை

கேள்வி: தெமட்டகொட_கலம்

எல்லாருக்கும் வணக்கம். 18 ஆம் நாள் எலிக் கருவின் ஹைப்போதலமஸில் இருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை, ஹோர்மோன் சுரக்கும் நியூரோன்களாக மாற்றுவதுதான் நோக்கம். முதல் இலக்கு ஜிஎன்ஆர்எச், அதாவது இனப்பெருக்க ஹோர்மோன்களைத் தூண்டிவிடும் மூளை ஹோர்மோன். இடம் கொழும்பு, வசதி சாதாரணம்: ஒரு காபனீரொட்சைட்டு இன்கியூபேற்றர், ஒரு ஒளிர்வு நுணுக்குக்காட்டி, பிசிஆர் இயந்திரம்.

இப்போதைய முறை: டிஎம்இஎம்/எஃப்12 என்ற வளர்ப்பு மீடியத்துடன் பி27 என்ற சேர்க்கைக் கலவை, வளர்ச்சிக் காரணிகளான எஃப்ஜிஎஃப்2 மில்லிலீற்றருக்கு 20 நானோகிராம், இஜிஎஃப் 20 நானோகிராம். மிதக்கும் உருண்டைகளாகப் பெருக்கி, 9 ஆவது பிரிப்பில் (பெருகின கலங்களைப் பிரித்துப் புதிதாகப் போடும் சுற்று) எடுத்து, பொலி-ஓர்னிதீன், லமினின் பூசிய பிளேட்டில் சதுர சென்ரிமீற்றருக்கு 50,000 கலம் வீதம் போடுறது. பிறகு இரண்டு வளர்ச்சிக் காரணிகளையும் நிறுத்தி, 1% மாட்டுக்கரு சீரம் சேர்த்து இரண்டு கிழமை.

கிடைக்கிறது: பாதிக்கு மேல் ஜிஎஃப்ஏபி காட்டும் அஸ்ட்ரோசைற், அதாவது நியூரோன் அல்லாத துணைக் கலம். மிச்சத்தில் டியூஜ்1 காட்டும் நியூரோன் கொஞ்சம். ஜிஎன்ஆர்எச் பிறபொருளெதிரி போட்டால் எல்லாக் கலத்திலும் மங்கலாக ஒரு ஒளிர்வு. பிசிஆரில் 34 ஆவது சுற்றுக்குப் பிறகு ஒரு சமிக்ஞை. மீடியத்தை எலைசாவில் (பிறபொருளெதிரியால் ஹோர்மோன் அளவைப் பார்க்கும் சோதனை) ஓட்டினால் மிகக் குறைந்த நியமத்துக்கும் கீழே.

வளர்ப்பு நாள்களைக் கூட்டுறதா, ரெட்டினோயிக் அமிலம் சேர்க்கிறதா, பிறபொருளெதிரியை மாத்துறதா?

பதில் 1: நுணுக்குக்காட்டி

மூன்றும் வேண்டாம். பிரச்சினை அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கு.

ஜிஎன்ஆர்எச் நியூரோன் ஹைப்போதலமஸில் பிறப்பதில்லை. கருவின் மூக்குப் பகுதியில், மணநுகர் தகட்டில் தோன்றி, மணநுகர் நரம்புகளைப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் இடம்பெயருது. சுண்டெலிக் கருவில் 11 ஆம் நாளளவில் மூக்கில் தென்படும், 16 ஆம் நாளுக்குள் பெரும்பாலானவை முன்மூளைக்குள் வந்துவிடும். இந்தப் பயணம் தடைப்படுவதால்தான் கால்மன் நோயில் பருவமடைதலும் மணநுகர்ச்சியும் சேர்ந்தே பாதிக்கப்படுது. ஒரு முழுச் சுண்டெலி மூளையிலேயே இந்த நியூரோன்கள் ஏறக்குறைய 800 தான். நீங்கள் 18 ஆம் நாளில் ஹைப்போதலமஸை வெட்டி எடுத்தால் வந்து சேர்ந்த நியூரோன் சிலது துண்டில் இருக்கலாம், ஆனால் அவை பிரிபடாத கலங்கள். இரண்டாவது பிரிப்போடு போய்விடும். அவற்றைப் பெற்ற முன்னோடிக் கலம் உங்கள் துண்டில் வழமையாக இருக்காது.

எலி ஹைப்போதலமஸ் முன்னோடிக் கலங்களில் இருந்து பல நரம்புப் பெப்ரைட்டு நியூரோன்களைப் பெறலாம் என்று 2004 இலேயே காட்டினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அது கலவையான விளைச்சல். குறிப்பிட்ட ஒரு வகையைச் சுரப்பு அளக்கும் அளவுக்குப் பெறுவது வேற வேலை.

இன்னும் இரண்டு விசயம். 18 ஆம் நாளில் ஹைப்போதலமஸ் நியூரோன்களின் பிறப்பு பெரும்பாலும் முடிஞ்சிருக்கும், மிஞ்சி நிற்கும் ஸ்டெம் செல்கள் கிளியா, அதாவது அஸ்ட்ரோசைற் போன்ற துணைக் கலங்கள் பக்கம் சாய்ந்தவை. 13, 14 ஆம் நாள் கரு எடுத்தால் கதையே வேற. அடுத்தது 9 ஆவது பிரிப்பு. எஃப்ஜிஎஃப்2 இல் நீண்டகாலம் வைத்தால் கலங்கள் தாங்கள் மூளையின் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்பதற்கான ஜீன் அடையாளங்களை மெல்ல இழக்கும். ஸ்டெம் செல் அடையாளங்களான நெஸ்டினும் சொக்ஸ்2 உம் நன்றாகவே காட்டும், அதை நம்ப வேண்டாம். அது ஸ்டெம் செல்லா என்பதைத்தான் சொல்லும், எந்த இடத்து ஸ்டெம் செல் என்பதைச் சொல்லாது. ஹைப்போதலமஸ் அடையாள ஜீன்களான என்கேஎக்ஸ்2.1, ராக்ஸ் இரண்டுக்கும் பிசிஆர் பாருங்கள். அவை விழுந்திருந்தால் அந்தத் தொகுதியை வைத்து மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். 5 ஆவது பிரிப்புக்கு உள்ளேயே வேலையை முடிப்பது நல்லது.

சீரம்: அதுதான் உங்கள் அஸ்ட்ரோசைற்றின் காரணம். சீரத்தில் உள்ள பிஎம்பி வகைக் காரணிகள் ஸ்டெம் செல்லை நேரே கிளியாவுக்குத் தள்ளும். 1% தாராளமாகப் போதும், அந்தத் தீங்கைச் செய்ய.

ஒளிர்வு பற்றி: உண்மையான ஜிஎன்ஆர்எச் நியூரோன் ஒரு புலத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும். கதிர் வடிவ உடல், இரண்டு முனையிலும் நீளும் இழை, இழை நெடுக மணி கோத்த மாதிரிப் புடைப்புகள், குழியவுருவில் பொட்டுப் பொட்டாகச் சாயம். எல்லாக் கலத்திலும் ஒரே அளவு மங்கல் என்றால் அது பின்னணி. மூன்று கட்டுப்பாடு இல்லாமல் படத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள்: முதல் பிறபொருளெதிரி இல்லாத வெல் (பிளேட்டில் உள்ள ஒரு குழி), ஜிஎன்ஆர்எச் பெப்ரைட்டோடு முன்கூட்டியே கலந்து வைத்த பிறபொருளெதிரி, ஜிடி1-7 கலம். ஜிடி1-7 என்பது 1990 இல் சுண்டெலிக் கட்டியில் இருந்து எடுத்த ஜிஎன்ஆர்எச் சுரக்கும் கலவரிசை, நேர்க் கட்டுப்பாட்டுக்கு அதைவிட நல்லது இல்லை. 34 ஆவது சுற்றுச் சமிக்ஞைக்கு, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவேர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி போடாத குழாய் ஒன்றைப் பக்கத்தில் ஓட்டுங்கள். அதிலும் வந்தால் அது டிஎன்ஏ எச்சம்.

பதில் 2: பம்பலப்பிட்டி_பைப்பெட்

மேலே சொன்னதோடு உடன்படுறன். ஜிஎன்ஆர்எச் தான் வேணும் என்றால் மூளைத் துண்டை விட்டுவிட்டு, எந்த வகைக் கலமாகவும் மாறக்கூடிய மனிதப் பல்திறன் ஸ்டெம் செல்லில் இருந்து தொடங்கிறதுதான் வழி. ஹெல்சின்கியில் 2016 இல் வெளியிட்ட முறைதான் இண்டைக்கும் அடிப்படை. எலும்புக்கூடு இதுதான்:

முதல் 10 நாள், என்2, பி27 என்ற இரண்டு சேர்க்கைக் கலவையும் உள்ள என்2பி27 மீடியத்தில் இரட்டை எஸ்எம்ஏடி தடுப்பு, அதாவது பிஎம்பி, டிஜிஎஃப்-பீட்டா என்ற இரண்டு சமிக்ஞை வழிகளையும் அடைப்பது. டோர்சோமோர்பின் 2 மைக்ரோமோலார், எஸ்பி431542 10 மைக்ரோமோலார். இது கலங்களை முன்மூளை நரம்பு முன்னோடியாக்கும். 10 இல் இருந்து 20 ஆம் நாள் வரை எஃப்ஜிஎஃப்8, மில்லிலீற்றருக்கு 100 நானோகிராம். 20 ஆம் நாளில் இருந்து எஃப்ஜிஎஃப்8 ஓடு சேர்த்து டாப்ட் 20 மைக்ரோமோலார், ஒரு கிழமை.

எஃப்ஜிஎஃப்8 என்ன செய்யுது என்றால், கருவின் அந்த மூக்குப் பகுதியில் இயற்கையாகக் கிடைக்கிற சமிக்ஞையை பிளேட்டில் கொடுக்குது. இந்தக் காரணியிலோ அதன் ஏற்பி எஃப்ஜிஎஃப்ஆர்1 இலோ பிழை உள்ளவர்களுக்கு ஜிஎன்ஆர்எச் குறைபாடு வாறது தெரிஞ்ச விசயம், ஆகவே அளவைக் குறைத்துச் சிக்கனம் பார்க்க வேண்டாம். பி வடிவம் வாங்குங்கள், ஏ வடிவம் பலவீனம். 37 பாகையில் சீக்கிரம் கெடும், ஆகவே மீடியம் இரண்டு நாளுக்கு ஒருக்கா மாத்தவேணும். கரைக்கிற நீரில் 0.1% மாட்டு அல்புமின் போடாவிட்டால் பாதி குழாய்ச் சுவரிலேயே ஒட்டிவிடும்.

டாப்ட், கலங்களை முன்னோடியாகவே வைத்திருக்கும் நொட்ச் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து. பிரிபட்டுக்கொண்டு இருக்கிற முன்னோடிகளை ஒரே நேரத்தில் நிறுத்தி நியூரோனாக்கும். முந்திப் போட்டால் முன்னோடிகள் பெருகிறதுக்கு முதலே முடிஞ்சுபோய் கையில் நாலு கலம் மிஞ்சும். பிந்திப் போட்டால் பிரிபடும் கலங்கள் பிளேட்டை மூடி, தகடாகக் கழண்டு வரும். கரைக்கிற கணக்கு: 5 மில்லிகிராமை 0.578 மில்லிலீற்றர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 20 மில்லிமோலார். அதை மீடியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 20 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓவும் 0.1% ஐத் தாண்டாது. குளிர்ந்த மீடியத்தில் விட்டால் ஊசி ஊசியாகப் படிகம் விழும். 37 பாகைக்குச் சூடாக்கி, சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். கட்டுப்பாட்டு வெல்லுக்கு வெறும் டிஎம்எஸ்ஓ 0.1% கட்டாயம்.

டாப்ட் தொடங்கின பிறகு கலங்கள் இலகுவில் கழரும். மீடியத்தைப் பாதி மட்டும் மாத்துங்கள், பைப்பெட் நுனியை வெல்லின் சுவரில் சாய்த்து விடுங்கள். மறுபடி பிரித்துப் போட வேண்டிவந்தால் கலங்களைக் கழட்டும் அக்கியூடேஸ் 37 பாகையில் 3 முதல் 5 நிமிசம், போடும்போது முதல் 24 மணித்தியாலம் கலம் சாகாமல் காக்கும் வை-27632 10 மைக்ரோமோலார்.

பூச்சுப் பற்றி ஒரு சொல். பொலி-ஓர்னிதீன் மில்லிலீற்றருக்கு 15 மைக்ரோகிராம் இரவு முழுக்க, அடுத்த நாள் மலட்டுத் தண்ணியால் மூன்று தரம் கழுவுங்கள். கழுவாமல் மிஞ்சினது நஞ்சு. அடுத்த நாளே கலங்கள் உருண்டு செத்துக் கிடந்தால் பாதிக்கு மேல் காரணம் இதுதான். லமினினை 4 பாகையில் மெல்ல உருக விடுங்கள், கையில் பிடித்து உருக்கினால் திரண்டுபோகும். மெட்ரிஜெல் என்ற பூச்சுக் கூழ் இன்னும் மோசம், 10 பாகைக்கு மேல் போனாலே உறையத் தொடங்கும். 30 பாகை அறையில் சாதாரண நுனியால் உறிஞ்சினால் நுனிக்குள்ளேயே கட்டிபடும். நுனிப் பெட்டி, குழாய், மீடியம் எல்லாம் முதல் நாளே குளிர்சாதனப் பெட்டிக்குள்.

மனிதக் கலம் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதல், கலத்தை ஓடர் பண்ணுறது பிறகு. இந்த வரிசையை மாத்தினால் கலம் குளிர்ப்பெட்டியில் இருக்கும், நீங்கள் வெளியில் இருப்பீர்கள்.

தெமட்டகொட_கலம்

மிக்க நன்றி இரண்டு பேருக்கும். மனிதப் பல்திறன் கலத்துக்கு இப்போதைக்குச் செலவு கட்டாது. கையில் உள்ள எலித் தொகுதியை வைத்து ஏதாவது ஒரு ஹோர்மோன் நியூரோனை நம்பகமாகக் காட்ட முடியுமா? அதோட எலைசா ஏன் வெறுமையாக வருகுது என்பதும் இன்னும் முழுக்க விளங்கவில்லை. பிசிஆரில் சமிக்ஞை உண்மையாகவே இருந்து பெப்ரைட்டு இல்லாமல் இருக்க முடியுமோ?

பதில் 3: பெப்ரைட்டு_அக்கா

முடியும். உங்கள் கேள்வியில் எனக்குச் சுவையான பகுதியே அதுதான்.

எம்ஆர்என்ஏ இருந்தால் ஹோர்மோன் இருக்கு என்று அர்த்தம் இல்லை, தம்பி. முதலில் நீளமான முன்னோடிப் புரதம் உருவாகும். அதை நொதிகள் வெட்டி, கடைசியில் பாம் என்கிற நொதி பெப்ரைட்டின் கார்பொக்சில் முனையில் ஒரு அமைட்டுக் கூட்டத்தைப் போடும். ஜிஎன்ஆர்எச், ஒக்சிரோசின், வாசோபிரெசின், தைரொயிட்டு வழியைத் தூண்டும் டிஆர்எச், மன அழுத்த ஹோர்மோன் வழியைத் தூண்டும் சிஆர்எச் எல்லாமே இந்த அமைட்டு முனை உள்ளவை. அது இல்லாமல் ஏற்பியில் சரியாக வேலை செய்யாது. நிறைய எலைசாப் பிறபொருளெதிரிகளும் அந்த முனையைத்தான் பிடிக்கும். ஆகவே முனை போடப்படாத பெப்ரைட்டு பிளேட்டில் இருந்தாலும் உங்கள் எலைசாவுக்கு அது தெரியாது.

பாம் நொதிக்குச் செம்பும் அஸ்கோர்பிக் அமிலமும் தேவை. டிஎம்இஎம்/எஃப்12 இல் அஸ்கோர்பிக் அமிலம் கிடையாது. எலி தன் ஈரலில் விற்றமின் சி செய்யும், பிளேட்டில் கிடக்கிற நியூரோன் செய்யாது. மீடியத்தில் 200 மைக்ரோமோலார் சேருங்கள், லீற்றருக்கு ஏறக்குறைய 35 மில்லிகிராம். சாதாரண வடிவம் 37 பாகையில் ஒரு நாளைக்குள் ஒட்சியேற்றமடைந்து போகும். 2-பொஸ்பேற்று வடிவம் வாங்கினால் மீடியம் மாற்றும் இடைவெளி முழுக்க நிற்கும்.

அடுத்தது, அளக்கிற முறை. வளர்ப்பு மீடியத்தை எடுத்து நேரே எலைசாவில் ஓட்டுவது பயனில்லை. ஜிஎன்ஆர்எச் பத்தே அமினோ அமிலம் உள்ள பெப்ரைட்டு, குருதியில் அதன் அரைவாழ்வு சில நிமிசம்தான். மீடியத்திலும் பெப்ரைட்டு நொதிகள் அதைத் தின்னும், இரண்டு நாள் கழித்து எடுத்தால் என்ன மிஞ்சும்? அதனால் குறுகிய நேரச் சுரப்புச் சோதனை செய்யுங்கள்.

24 வெல் பிளேட்டில், அமில-காரச் சமநிலை காக்கும் ஹெப்பெஸ் சேர்த்த கிரெப்ஸ்-ரிங்கர் உப்புக் கரைசலால் இரண்டு தரம் கழுவி, 300 மைக்ரோலீற்றரில் 30 நிமிசம் அடிப்படைச் சுரப்பு. அதை எடுத்துவிட்டு, பொட்டாசியம் குளோரைட்டு 50 மில்லிமோலார் உள்ள கரைசலில் இன்னொரு 30 நிமிசம். பொட்டாசியத்தைக் கூட்டும்போது சோடியம் குளோரைட்டை அதே அளவு குறைக்கவேண்டும். மறந்தால் அமுக்க வேறுபாட்டால் கலம் சுருங்கி, கசிவைச் சுரப்பு என்று எண்ணிவிடுவீர்கள். இரண்டு கரைசலிலும் பசிட்ராசினும் 0.1% அல்புமினும் இருக்கட்டும், முதலாவது நொதியைத் தடுக்க, இரண்டாவது பெப்ரைட்டு பிளாஸ்ரிக்கில் ஒட்டாமல் இருக்க. இன்னொரு வெல்லில் கல்சியம் இல்லாமல், மிஞ்சிய கல்சியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ சேர்த்து, அதே 50 மில்லிமோலார் பொட்டாசியம். பொட்டாசியத்தில் கூடி, கல்சியம் இல்லாத வெல்லில் கூடாமல் நின்றால் மட்டுமே அது நியூரோன் சுரப்பு. இரண்டிலும் கூடினால் கலம் உடைந்து ஒழுகுது.

எடுத்த மாதிரியை ஐஸில் வைத்து, சுழற்றி, மேல்நீரை உடனே மறை 80 பாகைக்கு. நியம வளையியையும் அதே கிரெப்ஸ் கரைசலிலேயே போடுங்கள், கிட்டோடு வந்த நீரில் போட்டால் ஒப்பீடு பிழைக்கும். கலங்களுக்குள் இருக்கிற மொத்தப் பெப்ரைட்டையும் அளந்து பாருங்கள்: 2 மோலார் அசற்றிக் அமிலத்தில் சுரண்டி, 95 பாகையில் 10 நிமிசம், சுழற்றி, உறையுலர்த்தி, எலைசாக் கரைசலில் மீளக் கரைக்கிறது. உள்ளே இருக்கு வெளியே வரவில்லை என்றால் நியூரோன் முதிரவில்லை. உள்ளேயும் இல்லை என்றால் மேலே நுணுக்குக்காட்டி சொன்னதுதான்.

எலிக் கலத்தோடு என்ன செய்யலாம் என்றால், ஜிஎன்ஆர்எச்சை விட்டு ஒக்சிரோசின் அல்லது டிஆர்எச் பக்கம் போங்கள். இவை ஹைப்போதலமஸிலேயே பிறப்பவை. 13, 14 ஆம் நாள் கரு, 3 ஆவது பிரிப்புக்குள், சீரம் இல்லை, என்2 உம் பி27 உம், சதுர சென்ரிமீற்றருக்கு 80,000 முதல் 100,000 கலம். எஃப்ஜிஎஃப்2 ஐ ஒரேயடியாக நிறுத்தாமல் 20, 10, 5 என்று இறக்குங்கள், திடீர் நிறுத்தத்தில் நிறையக் கலம் சாகும். பிறகு நியூரோனை முதிர வைக்கும் காரணியான பிடிஎன்எஃப் 20 நானோகிராம், மூன்று முதல் நான்கு கிழமை.

ஒரு பொறி இருக்கு. முதல் பிரிப்பிலேயே ஒக்சிரோசின் தெரிந்தால் அது கருவிலேயே பிறந்து துண்டோடு வந்த நியூரோனாக இருக்கலாம். அதைப் பிரித்தறிய, பெருக்கும் கட்டத்தின் கடைசி 24 மணித்தியாலம், பிரிபடும் கலத்தின் டிஎன்ஏவில் அடையாளமாகச் சேரும் பிஆர்டியூ 5 மைக்ரோமோலார் கொடுங்கள். ஒக்சிரோசினும் பிஆர்டியூவும் ஒரே கலத்தில் தெரிந்தால்தான் அது உங்கள் பிளேட்டில் பிறந்தது. இது இல்லாமல் எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்.

சிஆர்எச் பக்கம் போக நினைத்தால் பி27 இன் உள்ளடக்கத்தைப் பாருங்கள். அதில் கோர்ட்டிகோஸ்ரெரோனும் புரோஜெஸ்ரெரோனும் தைரொயிட்டு ஹோர்மோனான ரி3 உம் இருக்கு. கோர்ட்டிகோஸ்ரெரோன் சிஆர்எச் ஐ அடக்கும், ரி3 டிஆர்எச் ஐ அடக்கும். சுரப்பை அளப்பதற்கு முந்தின சில நாள்களாவது என்2 மட்டும் உள்ள மீடியத்துக்கு மாறுங்கள்.

பதில் 4: மாசி_வெயில்

உயிரியலை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நாலு கிழமை வளர்ப்பு என்றால் கொழும்புக்கே உரிய தொல்லைகளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

இன்கியூபேற்றர் சூடாக்க மட்டும்தான் தெரிஞ்ச பெட்டி, குளிராக்கத் தெரியாது. அறை வெப்பம் 37 ஐ விட 5 பாகையாவது குறைவாக இருந்தால்தான் அது கட்டுப்பாட்டில் நிற்கும். ஏசி இரவில் நின்று, அறை 33, 34 ஆனால் உள்ளே 38 ஐத் தாண்டும், முகப்பு எண்ணும் அதைக் காட்டும், ஆனால் காலையில் வாறபோது எல்லாம் பழையபடி இருக்கும். உச்சமும் தாழ்வும் பதிவு பண்ணுகிற ஒரு வெப்பமானியை உள்ளே வையுங்கள். முதிராத நியூரோனுக்குக் குளிரைவிடச் சூடு கேடு.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், அது ஒன்றுதான் விதி. மீடியத்தில் ஹெப்பெஸ் 15 மில்லிமோலார் இருந்தால் காபனீரொட்சைட்டு நின்றாலும் கொஞ்ச நேரம் காரத்தன்மை ஏறாமல் தாங்கும். சிலிண்டர் இரண்டு வையுங்கள், ஒன்று முடியும்போது ஓடர் கொடுக்கிற பழக்கம் நாலு கிழமை வளர்ப்புக்கு ஒத்துவராது.

மே முதல் செப்ரெம்பர் வரை, தென்மேற்குப் பருவ மழையில் பூஞ்சை. தண்ணித் தட்டை கிழமைக்கு ஒருக்கா மலட்டுக் காய்ச்சிவடித்த நீரால் மாத்துங்கள். ஏசி வடிகட்டியும் அட்டைப் பெட்டிகளும்தான் பெரும்பாலும் விதைக்கிற இடம், அட்டைப் பெட்டி வளர்ப்பு அறைக்குள் வரக்கூடாது. பூஞ்சை வந்த பிளேட்டை மருந்து போட்டு மீட்க முயலாதீர்கள், அம்போடெரிசின் நியூரோனையும் தாக்கும். மைக்கோபிளாஸ்மா மீடியத்தைக் கலக்காது, அதனால் மாதத்துக்கு ஒருக்கா பிசிஆர். டிஎன்ஏவைக் காட்டும் டாப்பி சாயப் படத்தில் கலத்தின் கருவுக்கு வெளியே பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் அன்றைக்கே பிரித்து வையுங்கள். மங்கலான பின்னணி ஒளிர்வுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

பி27 உறைந்தபடி வந்து சேரவேண்டிய சாமான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெள்ளிக்கிழமை இறங்கினால் திங்கள் வரை கிடக்கும், ஆகவே கிழமைத் தொடக்கத்தில் வாறமாதிரி அனுப்பச் சொல்லுங்கள், போயா (பௌர்ணமி) விடுமுறை நாளையும் பார்த்துக்கொண்டு. இறக்குமதி ஆவணம் கைக்கு வந்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். உருகி வந்ததைத் திரும்ப உறைய வைக்காதீர்கள், 4 பாகையில் ஒரு கிழமைக்குள் முடிக்கவேணும். உறைந்தபடியே வந்ததை ஒரு தரம் மட்டும் உருக்கி, 1 மில்லிலீற்றர், 2 மில்லிலீற்றர் என்று பிரித்து உறையவைத்தால் வீணாகாது. ஒவ்வொரு புது பி27 தயாரிப்புத் தொகுதி இலக்கத்தையும் பழைய தொகுதிக் கலங்களில் ஒரு கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பரிசோதனைக்கு எடுக்கிறது. இலக்கத்துக்கு இலக்கம் வித்தியாசம் உண்டு.

தெமட்டகொட_கலம்

அக்கா, ஒக்சிரோசினுக்கே மாறுகிறேன். பாதி வெல்லுக்கு அஸ்கோர்பிக் அமிலம் சேர்த்து, பாதிக்குச் சேர்க்காமல் ஓட்டினால் அந்தப் பாம் விசயத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம் போல.

பெப்ரைட்டு_அக்கா

பார்க்கலாம், ஆனால் கல்சியம் இல்லாத வெல்லை இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வையுங்கள். அஸ்கோர்பிக் அமிலம் ஒட்சியேற்றமடையும்போது ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகும், பி27 இல் உள்ள கற்றலேஸ் அதைச் சமாளிக்கும். கிரெப்ஸ் கரைசலில் பி27 இல்லை, அதனால் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அமிலத்தைச் சேர்க்க வேண்டாம், வளர்ப்பின்போது கொடுத்ததே போதும். நியூரோன் எண்ணிக்கை வெல்லுக்கு வெல் மாறும், ஆகவே சோதனை முடிந்ததும் அதே வெல்லை 4% பராபோர்மல்டிகைட்டில் 15 நிமிசம் பதித்து டியூஜ்1 எண்ணி, பிகோகிராமை அந்த எண்ணிக்கையால் வகுங்கள். சுரண்டி எடுக்கிற வெல் வேற, எண்ணுகிற வெல் வேற, அதற்கேற்ற மாதிரி பிளேட்டை இப்பவே வரைந்து வையுங்கள்.